எட்டுக்கு நாலு: வீட்டுப் பட்டறையில் முழு ஷீட்டை என்ன செய்வது?

பிளைவுட் கடையில் ‘எட்டுக்கு நாலு’ என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். எட்டடி நீளம், நாலடி அகலம், 32 சதுர அடி. மெட்ரிக் கணக்கில் 2440-க்கு 1220 மில்லிமீட்டர். பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, பிளாக்போர்டு, மைக்கா, அக்ரிலிக் என்று எதைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்த அளவில்தான் எடுத்துப் போடுவார்கள். கடைக்காரருக்கு இது வசதி. ஏற்றி வரும் குட்டி யானைக்காரருக்கும் ஓரளவு வசதிதான். கார் ஷெட்டிலோ, மொட்டை மாடிக் கொட்டகையிலோ, பத்துக்குப் பன்னிரண்டு அறையிலோ சொந்தமாக மரவேலை செய்பவருக்குத்தான் சிக்கல். எந்த ரம்பம் வாங்கலாம், எந்த டிரில் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, ஷீட்டை எங்கே வைப்பது என்பதை அது வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள்.

இதற்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. படுக்கப் போடு என்பது ஒன்று. நிறுத்தி வை என்பது இரண்டாவது. வைக்கவே வேண்டாம், வந்த கையோடு அறுத்துவிடு என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அனுபவசாலிகளின் ஆதரவு உண்டு. ஒவ்வொன்றிலும் நியாயமும் உண்டு. எடை, வளைவு, ஈரம், அறையின் அளவு ஆகிய நான்கையும் வைத்து மூன்றையும் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அளவின் பூர்வீகம்

எட்டுக்கு நாலு நம் வீடுகளைப் பார்த்து வகுத்த அளவு கிடையாது. கட்டுமானப் பொருளாக இந்த அளவுப் பிளைவுட் அமெரிக்காவில் 1928-இல் நிலைபெற்றது. அங்கே சுவர் என்பது மரச்சட்டங்களின் மேல் பலகை அடிப்பது. சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். 48 அங்குல அகலத்தில் மூன்று இடைவெளி, 96 அங்குல நீளத்தில் ஆறு இடைவெளி கச்சிதமாக அடங்கும். அறையின் உயரமும் பெரும்பாலும் எட்டடி. அந்த அளவுக்கு ஏற்பவே சூட்டுப் பிரஸ் எந்திரங்கள் வந்தன, எந்திரத்தின் அளவே உலகச் சந்தையின் அளவாயிற்று. பெரும்பாவூரின் ரப்பர் மரப் பிளைவுட்டும் யமுனாநகரின் பாப்ளர் பிளைவுட்டும் அதே அளவில்தான் வெளிவருகின்றன.

செங்கல் சுவரும் பத்தடிக் கூரையும் ஏழடிக் கதவும் கொண்ட நம் வீட்டில் அந்தக் கணக்கு எதனோடும் ஒட்டுவதில்லை. ஆகவே எட்டுக்கு நாலு என்பதை ஆலைக்கும் லாரிக்குமான சரக்கு அளவாக எடுத்துக்கொள்வதே சரி. வேலைக்கான அளவு வேறு. சமையலறை அலமாரியின் பக்கப் பலகை இரண்டடி அகலத்தைத் தாண்டுவதில்லை. புத்தக அலமாரிக்கு ஓரடியே தாராளம். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகளுக்குப் பதில் தேடுவது எளிது.

எடை

18 மி.மீ. பிளைவுட் முழு ஷீட்டின் எடை, மரத்தின் அடர்த்தியைப் பொறுத்து 30 முதல் 38 கிலோ வரை வரும். அதே தடிமனில் எம்.டி.எஃப். 40 கிலோவைத் தொடும். 12 மி.மீ. பிளைவுட் 20 முதல் 25 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி 37 கிலோ. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடே 23 கிலோ இருக்கும். மைக்கா மட்டும்தான் நாலு கிலோ சொச்சம். அதன் தொல்லை எடையில் இல்லை, துவள்வதில் இருக்கிறது.

சிமெண்டு மூட்டை 50 கிலோ. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 35 கிலோப் பலகை அவர்களையும் திணறடிப்பதற்குக் காரணம் பரப்பு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்தி வெளியிட்ட தூக்குச் சூத்திரம், எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்கிறது. அதுவும் பாரம் உடம்பை ஒட்டி இருந்தால்தான். பாரத்தைப் பிடித்த கை கணுக்காலிலிருந்து 50 செ.மீ. முன்னே நீண்டால் அந்த வரம்பு பாதியாகக் குறைந்துவிடும். முழு ஷீட்டை உடம்போடு அணைத்துப் பிடிக்க இடமே இல்லை. 18 மி.மீ. ஷீட்டை ஒற்றை ஆளாகத் தூக்குவது முதுகெலும்பிடம் கடன் வாங்குவதற்குச் சமம்.

பலரும் கவனிக்காத ஒரு வழி இங்கே உண்டு. நம் ஊர்க் கடைகளில் எட்டுக்கு நாலு மட்டுமே விற்பதில்லை. ஏழுக்கு நாலு, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நாலு, ஆறுக்கு மூன்று என்றும் பிளைவுட் கிடைக்கிறது. ஆறுக்கு மூன்று என்பது 18 சதுர அடி. முழு ஷீட் 35 கிலோ என்றால் இது 20 கிலோவுக்குள் அடங்கும். ஏழுக்கு மூன்று 23 கிலோ, அதாவது நியோஷ் வரம்பின் விளிம்பு. சதுர அடி விலையில் பெரிய மாற்றம் இருக்காது. சேதாரம் மட்டும் திட்டத்தைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். தனியாக வேலை செய்பவர் அறுப்புப் பட்டியலை முதலில் போட்டுப் பார்த்துச் சிறிய ஷீட் ஒத்துவந்தால் அதையே வாங்கலாம்.

படுக்கப் போட்டால்

மொத்தக் கடைகளின் குடோன்களில் ஷீட்டுகள் படுத்துத்தான் இருக்கும். பலகையின் நலனை மட்டும் பார்த்தால் அதுவே உத்தமம்; ஒன்றின் எடை இன்னொன்றை அழுத்தி எல்லாவற்றையும் சமமாக வைத்திருக்கும். ஆனால் அடியில் வைக்கும் தாங்குகட்டைகளின் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். இரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட பலகை தன் எடையால் நடுவில் தொய்யும். அந்தத் தொய்வு இடைவெளியின் நான்காம் அடுக்கில் ஏறும். இடைவெளி இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. நான்கு மடங்கானால் 256 மடங்கு. நடுத்தரமான 18 மி.மீ. பிளைவுட்டை இரு முனையில் மட்டும் தாங்கினால் ஒன்றரை செ.மீ.க்கு மேல் தொய்யும். அதையே இரண்டடிக்கு ஒரு கட்டை வீதம் ஐந்து கட்டைகளில் கிடத்தினால் தொய்வு கண்ணுக்கே தெரியாது. தடிமன் குறைந்தால் நிலைமை வேகமாகக் கெடும். 6 மி.மீ. ஷீட் அதே இடைவெளியில் ஒன்பது மடங்கு அதிகமாகத் தொய்யும். அதனால் மெல்லிய ஷீட்டுகளை எப்போதும் தடித்த ஷீட் ஒன்றின் மேல்தான் கிடத்த வேண்டும்.

மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பாரம் அப்படியே நீடித்தால் தொய்வும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும், பிறகு பாரத்தை எடுத்தாலும் முழுதாக நிமிராது. மாதக்கணக்கில் கோணலாகக் கிடந்த பலகை கோணலாகவே பழகிவிடுவது இதனால்தான். அடுக்குகளுக்கு இடையில் ரீப்பர் வைப்பதானால், மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே இருக்கட்டும். தள்ளி வைத்தால் ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கை வளைக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வீட்டில் படுக்கைமுறைக்கு இரண்டு பெரிய தடைகள் உண்டு. முதலாவது இடம். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. படுத்த அடுக்கு 32 சதுர அடி. அறையில் கால்வாசிக்கு மேல் போய்விடும். இரண்டாவது எடுப்பது. வேண்டியது எப்போதும் அடியிலிருந்து மூன்றாவதாகத்தான் இருக்கும். மேலே உள்ள 200 கிலோவை நகர்த்தாமல் அது வராது. படுக்கைமுறைக்கு நியாயமான ஓர் இடம் இருக்கிறது. வேலை மேசையின் பரப்பே எட்டுக்கு நாலாக இருந்தால், அதன் அடியில் தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு தட்டு அமைத்து நாலைந்து ஷீட்டுகளைச் செருகிவைக்கலாம். மேசைக்காக ஏற்கெனவே செலவான இடம்தான் அது.

நிறுத்தி வைத்தால்

நீளவாட்டில் நிறுத்தினால் எட்டடி நீளம், நாலடி உயரம், ஒன்றரையடி ஆழம். 12 சதுர அடியில் வேலை முடிந்தது. வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த முறைக்கே வருகின்றன. சும்மா சுவரில் சாய்த்து வைப்பதும் ரேக்கில் நிறுத்துவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சாய்த்து வைத்த பலகைகளில் இரண்டு கெடுதல்கள். ஒன்று வளைவு. செங்குத்திலிருந்து ஐந்து டிகிரிக்குள் சாய்ந்தால் பலகையின் எடை ஏறக்குறைய முழுதும் நேராகத் தரைக்கு இறங்கிவிடும். 20 டிகிரி சாய்ந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு பலகையை வளைக்கும் வேலையைச் செய்யும். இரண்டாவது கெடுதல் உயிர் சம்பந்தப்பட்டது. பின்னால் இருக்கும் ஷீட்டைப் பார்க்க முன்னால் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். பத்து ஷீட் 350 கிலோ. அவை செங்குத்தைத் தாண்டி நம் பக்கம் 10 டிகிரி சாய்ந்தால், மேல் விளிம்பில் தாங்கிப் பிடிக்க 30 கிலோ விசை வேண்டும். 20 டிகிரியில் 60 கிலோ, 30 டிகிரியில் 87 கிலோ. ஆரம்பத்தில் இலேசாக இருப்பதுதான் இதன் வஞ்சகம். கை தாங்காது என்று தெரியும்போது காலை எடுக்க நேரமிருக்காது. பிரிட்டனின் பணிப்பாதுகாப்பு அமைப்பு மரப்பலகைகளைப் பத்திரமாக அடுக்குவதற்கென்றே தனித் தகவல் ஏடு வெளியிட்டிருக்கிறது என்பதிலிருந்தே இந்த ஆபத்தின் தீவிரம் விளங்கும்.

தீர்வு எளிது. ரேக்கைத் தடுப்புகளால் பிரித்து, ஓர் அறைக்கு நாலு ஷீட்டுக்கு மேல் போகாமல் வைத்தால், ஒரே சமயத்தில் சாயக்கூடியது 140 கிலோதான். 10 டிகிரியில் அதைத் தாங்க 12 கிலோ விசை போதும். தடுப்புக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்போ, ஸ்லாட்டட் ஆங்கிளோ, இரண்டங்குல மரச்சட்டமோ எதுவும் ஆகும். ரேக் சுவரில் ஆங்கர் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கம் ஒரு சங்கிலியோ குறுக்குக் கம்பியோ இருக்க வேண்டும். அடிக்கட்டைகளின் மேல் மைக்காத் துண்டுகளை வழவழப்பான பக்கம் மேலிருக்கும்படி ஒட்டிவிட்டால் ஷீட் வழுக்கிக்கொண்டு வரும், விளிம்பும் சிதையாது.

எட்டடி உயரமாக நிறுத்தினால் இன்னும் இடம் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விழும்போது அதன் எடைமையம் நாலடி உயரத்திலிருந்து இறங்குகிறது. நீளவாட்டில் நிறுத்தினால் இரண்டடிதான். மோதும் வேகத்தின் ஆற்றல் இரட்டிப்பு, மோதும் இடமும் தலை. பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இந்த மிச்சம் வேண்டாம்.

நிறுத்துமுறையின் உண்மையான சிக்கல் வேறொன்று. ரேக் அடைக்கும் இடத்தை அளக்கிறோம், ஷீட்டை உருவும் இடத்தை அளக்க மறந்துவிடுகிறோம். எட்டடி ரேக்கிலிருந்து பக்கவாட்டில் உருவ இன்னும் எட்டடி வேண்டும். ஆக மொத்தம் 16 அடி. பன்னிரண்டடி அறையில் அது நடக்காது. வழிகள் இரண்டு. ரேக்கின் வாய் நேராக வாசலைப் பார்த்திருந்தால் ஷீட்டை அப்படியே வராண்டாவுக்கு இழுத்துவிடலாம். இல்லையென்றால் முன்பக்கம் திறந்த ரேக்காக அமைத்து, ஷீட்டைத் தன் பக்கம் சாய்த்து வெளியே எடுக்கலாம். அதற்கு முன்னால் ஐந்தடி காலி இடம் எப்போதும் இருக்க வேண்டும். அந்த ஐந்தடியில் வண்டியும் துணிமூட்டையும் வந்து குடியேறுவது நம் வீடுகளின் இயல்பு. அப்படியானால் அது ரேக் இல்லை, மரச்சுவர்.

ஈரம்

மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நிலைத்தால் மரத்தின் ஈரம் 9 சதவீதத்தில் நிற்கும்; 80 சதவீதமானால் 16-ஐ நெருங்கும். கடற்கரை மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டாவது நிலையே சாதாரணம். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் நீள அகலம் அதிகம் மாறாது. ஆனால் ஒரு முகம் ஈரமாகவும் மறுமுகம் உலர்ந்தும் இருந்தால் உலர்ந்த பக்கம் குழிந்து பலகை வளையும். பலகை கோணுவதற்கு ஈரத்தின் அளவைவிட இரு முகங்களுக்கும் இடையிலான ஈர வேறுபாடே பெரிய காரணம்.

இது ஒன்றைப் புரிந்துகொண்டால் பல நடைமுறைகளுக்குக் காரணம் விளங்கும். அடுக்கின் மேல் ஷீட் மட்டும் வளைகிறதா? அதன் மேல்முகம் மட்டுமே காற்றைப் பார்க்கிறது. மேலே ஒரு பழைய பலகையைப் போட்டு மூடினால் வளைவது அந்தப் பழைய பலகையாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய பலகை வில்லாகிறதா? மறுபக்கம் ஈரம் தாராளமாகப் போய்வருகிறது. பின்பக்கமும் ஒரு மலிவான மைக்கா ஒட்டுவதே பரிகாரம். தார்ப்பாயால் இறுகப் போர்த்துவது ஏன் தவறு? உள்ளே சிக்கிய ஈரம் இரவில் நீர்த்துளியாகிப் பலகைமேலேயே படியும். பழைய பருத்திப் போர்வை போதும். ஈரச் சுவரை ஒட்டி வைத்தால் சுவர்ப் பக்கம் மட்டும் ஊறும். நாலங்குலம் தள்ளி வைக்க வேண்டும். தரைக்கும் அதே விதி. தரைத்தளத்துச் சிமெண்டுத் தரை நிலத்தின் ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆகவே பலகையை அரையடி உயர்த்தி வைக்க வேண்டும்.

அரையடி உயரத்துக்கு வேறு நன்மைகளும் உண்டு. கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறினால் கண்ணில் படும், பெருக்கும்போதே தட்டிவிடலாம். தரை துடைக்கும் தண்ணீர் எம்.டி.எஃப். விளிம்பில் ஏறாது, ஒரு முறை ஊறி உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் புகுந்த பகுதிகளில் அரையடியெல்லாம் எம்மாத்திரம். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர் மழைக்காலத்துக்கு முன் முழு ஷீட் வாங்கிச் சேர்க்காமல் இருப்பதே காப்பீடு.

‘பி.டபிள்யூ.ஆர். வாங்கிவிட்டேன், ஈரம் ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கொதிநீர் தாங்கும் என்ற அந்த வாக்குறுதி அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசையைப் பற்றியது. அடுக்குகள் பிரியாமல் இருக்கும், ஆனால் மரம் மரம்தான். ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மெரைன் பிளைவுட்டும் கோணலாக வைத்தால் கோணிக்கொள்ளும்.

பொருளுக்குப் பொருள் வேறு நியாயம்

மைக்காவை முகத்தோடு முகம் பார்க்கும்படி படுக்கப் போட்டு மேலே ஒரு பலகையைப் பாரமாக வைக்க வேண்டும். இடமில்லையென்றால் தளர்வாகச் சுருட்டலாம். கண்ணாடியைப் படுக்க வைக்கவே கூடாது. கீழே ஒரு சிறு கல் இருந்தாலும் அந்தப் புள்ளியில் எடை கூடி உடையும். ரப்பர் பட்டையின் மேல், சற்றே சாய்வாக, இடையிடையே காகிதம் கொடுத்து நிறுத்த வேண்டும். ஜிப்சம் போர்டுக்கு நேர்மாறான விதி. நிறுத்தினால் விளிம்பு நொறுங்கும், ஆகவே எப்போதும் படுக்கைதான், ஒரு துளி ஈரம் ஆகாது. அக்ரிலிக் வெப்பத்தில் துவளும் என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையின் சித்திரை வெயில் அதற்கு எதிரி. மேலே ஒட்டிவரும் காகிதத்தை வேலை முடியும்வரை உரிக்கக் கூடாது, வெயிலில் விட்டால் பிறகு உரிக்கவே வராது. துத்தநாகம் பூசிய தகடுகளுக்கு இடையில் தண்ணீர் தேங்கினால் வெள்ளைத் துரு பிடிக்கும். வழிந்தோடும்படி சாய்வாக வைக்க வேண்டும். தேக்கு வெனீர் ஒட்டிய பலகை வெளிச்சத்தில் நிறம் மாறும். பாதி மூடி பாதி திறந்து கிடந்தால் கோடு விழும். முழுதாக மூடி வைப்பதே வழி.

வீட்டுக்குள் சேமிப்பவர்கள் மூக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, சாதாரணப் பிளைவுட் ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெதுவாகக் கசியும். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வாயுவையும் மரத்தூளையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில் ஷீட் அடுக்குவது இடத்தை மிச்சப்படுத்தும், நுரையீரலை மிச்சப்படுத்தாது. காற்றோட்டமுள்ள இடம்தான் சரி. இ1, இ0 எனக் குறிக்கப்பட்ட குறைந்த கசிவுப் பலகைகள் கிடைக்கும் இடத்தில் அவற்றையே கேட்டு வாங்கலாம்.

வாசல், படிக்கட்டு, மாடி

ஷீட்டை நகர்த்துவதற்கும் கணக்கு உண்டு. எட்டுக்கு நாலு ஷீட்டின் மூலைக்கு மூலை நீளம் ஏறத்தாழ ஒன்பதடி. நீளவாட்டில் கிடப்பதை உயரவாட்டில் நிமிர்த்தும்போது அந்த மூலை ஒன்பதடி உயரத்தைத் தொடும். பத்தடிக் கூரைக்கு அது பரவாயில்லை, ஆனால் மின்விசிறியின் இறக்கையும் குழல்விளக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பரண் இருக்கும் பக்கத்தில் நிமிர்த்தவே முடியாது. ஏழடிக் கதவில் ஷீட் நிமிர்ந்து நுழையாது. நீளவாட்டில் விளிம்பின் மேல் நிறுத்திக் கொண்டுபோனால் நுழையும், வாசலுக்கு உள்ளும் புறமும் நேராக எட்டடி ஓட்டம் இருந்தால். அடுக்குமாடி லிஃப்ட்டில் பெரும்பாலும் கதை நடக்காது.

ஒற்றை ஆளாகத் தட்டையான தரையில் 12 மி.மீ. ஷீட் போன்றவற்றைக் கொண்டுபோகப் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. 18 அடிக் கயிற்றை வளையமாக முடிந்து, இரு முனைகளையும் ஷீட்டின் கீழ் மூலைகளில் மாட்டி, நடுவைக் கையில் பிடித்துத் தூக்கினால், ஷீட் அக்குளுக்குள் நிற்கும், கை தாழ இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். 18 மி.மீ. ஷீட்டுக்கு இரண்டு பேர்தான். படிக்கட்டில் கீழே நிற்பவருக்கே அதிக பாரம் இறங்கும் என்பதால் பலசாலி கீழே. மூலைக்கு மூலை ஊன்றி ‘நடத்திச் செல்வது’ மூலைகளைச் சிதைக்கும். ஹவாய் செருப்போடு இந்த வேலையில் இறங்கக் கூடாது. விளிம்பு நழுவினால் விரலில்தான் இறங்கும். கையுறை தூக்கும்போது அவசியம், ரம்பம் சுழலும்போது ஆகாது.

மொட்டை மாடிப் பட்டறைக்காரர்களுக்குக் காற்றுதான் பெரிய எதிரி. இந்தியக் கட்டுமானத் தரநிலையான ஐ.எஸ். 875 காற்றழுத்தத்தைக் கணக்கிடத் தரும் சூத்திரப்படி, மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஆறு கிலோ விசையோடு தள்ளும். முழு ஷீட் மூன்று சதுர மீட்டர். ஆக 18 கிலோ. வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு, 72 கிலோ. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்கு ஷீட்டோடு கைப்பிடிச்சுவர் ஓரம் நிற்பவர் சாட்சி சொல்வார். அடுக்குமாடிகளில் கயிறு கட்டி வெளிச்சுவர் வழியாக ஷீட்டை மேலே இழுக்கும் வழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது. கீழே நடப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

அறுத்து வைத்தால்

இதுவரை பார்த்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஷீட் முழுதாக இருப்பதுதான். நடுவில் ஒரு நீளவெட்டு விழுந்தால் இரண்டு எட்டுக்கு இரண்டுகள். ஒவ்வொன்றும் 17 கிலோ சொச்சம், ஒற்றை ஆளுக்கு அடங்கும். குறுக்கே வெட்டினால் இரண்டு நாலுக்கு நாலுகள். லிஃப்ட்டில் போகும், எந்த வாசலிலும் நுழையும், மூலைக்கு மூலை ஆறடிக்குள் நிற்கும். ஒரே வெட்டில் எடையும் தொய்வும் காற்றுவிசையும் கீழே வருகின்றன. மூன்றாவது தரப்பின் வலு இங்கேதான்.

இதைக் கடையிலேயே செய்துகொள்ளலாம். பேனல் ரம்பம் வைத்து வெட்டித் தரும் கடைகள் பல ஊர்களிலும் வந்துவிட்டன. அறுப்புப் பட்டியலை எடுத்துப் போகும்போது ஒவ்வொரு வெட்டிலும் மூன்று மி.மீ. தூளாகப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடுதல் துல்லியம் வேண்டுவோர் ஒவ்வொரு துண்டையும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் இறுதி அளவுக்குச் சீர்செய்யலாம். வீட்டிலேயே வெட்டுவதானால் ஷீட்டை மேசைமேல் தூக்கவே வேண்டாம். கார் ஷெட் தரையில் இரண்டங்குலத் தெர்மாகோலையோ ஐந்தாறு ரீப்பர்களையோ பரப்பி, அதன்மேல் ஷீட்டைக் கிடத்தி, அலுமினியச் சட்டத்தைக் கிளாம்பால் இறுக்கி, அதை ஒட்டி வட்ட ரம்பத்தை ஓட்டினால் போதும். வெட்டுண்ட இரு பாதிகளும் கீழே தாங்கப்பட்டிருப்பதால் ரம்பத்தைக் கவ்விப் பின்னுதைக்காது. நம் ஆசாரிகள் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி இதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். மரத்துக்கென்று செய்த, காப்பு மூடியுள்ள வட்ட ரம்பம் அதைவிடப் பத்திரம்.

இந்தத் தரப்புக்கு எதிரான வாதமும் வலுவானது. முன்கூட்டி அறுத்தால் திட்டம் மாறும்போது பலகை வீண். எட்டடிக் கதவோ, நீண்ட மேசைப் பரப்போ வேண்டியிருக்கும்போது கையில் இருப்பதெல்லாம் நாலடித் துண்டுகளாக இருக்கும். இதற்குப் பதில், திட்டம் இல்லாமல் வாங்காதே என்பதுதான். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிச் சேர்க்கும் ஷீட் ஆறு மாதம் இடத்தை அடைத்து, மழைக்காலம் ஒன்றைக் கடந்து, வளைந்து நிற்கும்போது அந்த மலிவு எங்கே போயிற்று என்று தெரியாது.

துண்டுகள்

அறுத்த பின் வருவது அடுத்த தொல்லை. முழு ஷீட் சேருவது அரிது, துண்டுகள் சேருவது நிச்சயம். ஒரு வேலைக்கு மூன்று ஷீட் வாங்கினால் ஏழெட்டுத் துண்டுகள் மிஞ்சும். எதையும் எறிய மனம் வராது. நாளடைவில் முழு ஷீட்டுகளுக்கு முன்னால் துண்டுகள் சாய்ந்து, அவற்றை எடுக்கவே வழியில்லாமல் போகும். துண்டுகளுக்குத் தனி இடம், அதுவும் குறுகிய இடம், இருந்தால்தான் அவை அடங்கும். தடிமன்வாரியாகத் தடுப்பு, முன்னால் சிறியது பின்னால் பெரியது, ஒவ்வொன்றின் விளிம்பிலும் தடிமனும் தரமும் பென்சிலால் எழுதியிருப்பது ஆகிய மூன்றும் போதும். ஓரடிக்கு இரண்டடிக்குக் குறைந்த பிளைவுட்டை ஜிக், ஆப்பு, ஒட்டும்போது கொடுக்கும் அழுத்துகட்டை என்று பயன்படுத்தலாம்; அந்தத் தேவைக்கு ஒரு பெட்டி நிறைய இருந்தால் போதும். பெட்டி நிறைந்தால் கழிக்க வேண்டியதுதான்.

கழிப்பதற்கு நம் நாட்காட்டியிலேயே நல்ல நாள் ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பட்டறையைத் துடைத்து ஒழுங்குபடுத்துவது வழக்கம். அதையடுத்துத்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ரேக்கைக் காலிசெய்து, கரையானும் கசிவும் பார்த்து, கோணியதைக் கழித்து, மிஞ்சியதைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. கழித்த துண்டுகளை வெந்நீர் அடுப்பிலோ போகி நெருப்பிலோ மட்டும் போடக் கூடாது. பசையும் மைக்காவும் எரிந்து வரும் புகை விறகுப் புகையைவிடப் பன்மடங்கு கெடுதலானது.

யாருக்கு எது?

அடுக்குமாடியில் ஓர் அறையை வைத்துக்கொண்டு வேலை செய்பவர் முழு ஷீட்டை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டியதில்லை. கடையில் வெட்டி வாங்கலாம், அல்லது ஆறுக்கு மூன்று வாங்கலாம். துண்டு ரேக் ஒன்றே அவருக்குப் போதும். தனிவீட்டில் கார் ஷெட் உள்ளவர் நாலைந்து ஷீட் பிடிக்கும் நீளவாட்டு ரேக் ஒன்றைச் சுவரில் இறுக்கி, அதன் வாய் வாசலைப் பார்க்க அமைத்துக்கொள்ளலாம். அறுப்பது அங்கேயே தரையில். மொட்டை மாடிக் கொட்டகைக்காரர் தரைத்தளத்திலேயே அறுத்துத் துண்டுகளாக மேலே ஏற்ற வேண்டும்; வெயில்படாத பக்கம் பார்த்து அவற்றை அடுக்க வேண்டும். வாடகைக்குத் தனி இடம் எடுத்துப் பட்டறை நடத்துபவருக்குத்தான் தடுப்புகளோடு கூடிய முழு ரேக்கும், மேசையடித் தட்டும் உண்மையிலேயே தேவை.

ஆக மூன்று தரப்பில் மூன்றாவதே வீட்டுக்குப் பொருந்துகிறது. முதல் இரண்டும் அதற்குத் துணை. நல்ல ரேக் எது என்று கேட்பதற்கு முன், ஒரு முழு ஷீட் இந்த வீட்டில் எத்தனை நாள் முழுதாக இருக்கப்போகிறது என்று கேட்பது நல்லது. இரண்டு நாள் என்றால் சுவரோரம் நாலு கட்டையும் ஒரு கயிறும் போதும். இரண்டு மாதம் என்றால் ரேக் வேண்டும், உயரம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். இரண்டு வருடம் என்றால் அது இன்னும் கடையிலேயே இருந்திருக்க வேண்டிய சரக்கு. இடமும் காவலும் வளைவின் நட்டமும் நம் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வேலைக்கு ஷீட் எழுதும்போது எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அறுக்கும் தேதியையும் எழுதிவிட்டால், எவ்வளவு பெரிய ரேக் வேண்டும் என்ற கேள்விக்கு அந்தத் தாளிலேயே பாதி விடை இருக்கும்.